இரவல் நாக்கு

மார்ச் 3, செவ்வாய்

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஒரு சொட்டுகூடக் கூடாது. வாயில் வைத்துத் துப்புவதும் கூடாது. வயிற்றில் இது பத்தாவது வாரம். மூன்று வருடம் காத்திருந்து வந்தது, நான் வாதாடவில்லை. ஆனால் பீர் காய்ச்சுவது என் தொழிலாயிற்றே! நான்கு ஓக் பீப்பாய்களில் இம்பீரியல் ஸ்டவுட் என்ற என் கறுப்பு பீர் ஒரு வருடமாக ஊறிக்கொண்டிருக்கிறது. மாதக் கடைசியில் பாட்டிலில் அடைக்க வேண்டும். கெட்ட பீப்பாய் ஒன்று கலந்தாலும் மொத்தமும் சாக்கடைக்குத்தான். ருசி பார்த்துச் சொல்ல ஒரு நாக்கு வேண்டும். முதலாளிக்கு இனித்தால் போதும். உதவிக்கு இருப்பவருக்குப் போதை ஏறினால் போதும். வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரைக் கூட்டிப்போனேன்.

பீப்பாயின் முகப்பில் ருசி பார்ப்பதற்கென்றே அடித்திருக்கும் சின்ன ஆணியைப் பிடுங்கி, கறுப்பாகப் பாய்ந்ததைக் கிளாஸில் பிடித்து நீட்டினேன். முதல் பீப்பாய்: "நல்லா இருக்கு." இரண்டாவது: "நல்லா இருக்கு." மூன்றும் நான்கும் அதேதான். சாக்லேட் தெரிகிறதா, வனிலா தெரிகிறதா என்று கேட்டால், கணக்கு வாத்தியார் ரொம்ப யோசித்துவிட்டுச் சொல்கிறார், "கறுப்பா இருக்கு."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

மார்ச் 8, ஞாயிறு

அவருக்குப் பயிற்சி. மேசையில் வரிசையாகக் கிண்ணங்கள் — கறுப்புச் சாக்லேட், வறுத்த தேங்காய், கருக்கிய சர்க்கரை, உலர்ந்த திராட்சை. கண்ணைக் கட்டி, முகர்ந்து சொல்லச் சொன்னேன். நடுவில் அக்கா போன் செய்தாள். பேசிவிட்டு வந்து பார்த்தால் கிண்ணங்கள் காலி. கேள்வித்தாளையே தின்றுவிட்ட வாத்தியாரை இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 11

ஆலையில் வேகும் மால்ட் தானிய வாசனை மாடிப்படி வரை வருகிறது. மூன்று தடவை வாந்தி.

மார்ச் 15, ஞாயிறு

மறுபடியும் ருசி பார்த்தல். பீப்பாய் அறைக்குள் என்னால் நிற்க முடியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று கேட்டேன். முதலாவது கேக் மாதிரி இருக்கிறதாம். சரி, முன்னேற்றம்தான். என்ன கேக்? பிறந்தநாள் கேக்காம். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது.

மூன்றாவதற்கு "நல்லா இருக்கு" வருவதற்குக் கொஞ்சம் நேரமானது. முகமும் சரியில்லை. நான் விடவில்லை.

"நெயில் பாலிஷ் வாசனை அடிக்குது," என்றார் கடைசியில். "போன தடவையும் அடிச்சுது."

இதுதானே நான் தேடிய வார்த்தை! காற்று புகுந்து கெட்ட பீப்பாய்க்கு அதைவிடச் சரியான அடையாளம் கிடையாது. பன்னிரண்டு நாளாக வாயில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை?

"இந்த நேரத்துல நீ எதுக்கும் கலங்கக் கூடாதுன்னுதான்."

கலங்கக் கூடாதாம்! மொத்தமும் பாழாகியிருந்தால்? வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது? வீடு வரை அவர் என் கையை விடவில்லை.

மார்ச் 19

மூன்றாவது பீப்பாயைக் கொட்டிவிட்டார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் லேசாக ரத்தம். பயப்பட ஒன்றுமில்லையாம். சொல்வது அவர், டாக்டர் இல்லை.

மார்ச் 31, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து நாள் ஆகிறது. படுத்திரு, படுத்திரு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். படுத்து என்ன செய்ய? ஆலைக்குப் போனேன். மீதி மூன்று பீப்பாய்களையும் நானே ருசி பார்த்தேன். இனி டாக்டர் தடையும் இல்லை, யாரையும் கேட்க வேண்டியதும் இல்லையே. அவர் வாசலிலேயே நின்றார்.

முதலில் சாக்லேட். பிறகு வறுத்த தேங்காய். விழுங்கிய பின்னும் வெகுநேரம் வனிலா. பத்து வருடத்தில் என் கையால் இப்படி ஒன்று வந்ததே இல்லை.

இவ்வளவு நன்றாக வந்து தொலைய வேண்டுமா? இன்னும் ஆறு மாதம் என் வாய்க்கு எட்டாமலே இருந்திருக்கக் கூடாதா, இந்தச் சனியன்?