இடது பக்கத்துப் புள்ளிகள்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று புனே டீமிடம் தோற்றோம். 13-9. டீமுக்கு ஆபீஸாக இருக்கும் லேக் கார்டன்ஸ் ஃப்ளாட்டிலிருந்து எல்லோரும் சாப்பிடாமலே கிளம்பினோம். மழை வேறு.

காலையில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே அம்மா மறுபடி அதே கேள்வி. "கம்ப்யூட்டர்ல சுட்டு விளையாடறதுக்கு எதுக்குடி ஒரு ஆபீசரு?" நூறாவது தடவையாகச் சொன்னேன். ஐந்து பேர் குண்டு வைக்க வருவார்கள், ஐந்து பேர் தடுப்பார்கள். எங்கள் ஐந்து பேர் எங்கே தப்பு செய்தார்கள் என்று ரெக்கார்டிங்கைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சொல்வது என் வேலை. "அடுத்தவா தப்பைக் கண்டுபிடிக்கச் சம்பளமா!" என்றாள்.

தப்புகள்: புகைக்குண்டுகளை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடுகிறோம். ஒரு சத்தம் கேட்டால் மூன்று பேர் அந்தப் பக்கம் ஓடுகிறார்கள். கேப்டன் பிரிட்டோ ஒன்பது ரவுண்டில் முதல் ஆளாகச் செத்தான்.

அவனிடம் அதில் ஒரு சாவைப் போட்டுக் காட்டினேன். "இவன் எங்கேருந்து வந்தான்?" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பயிற்சியாளர் அனிர்பான்-தா (வங்காளத்தில் 'தா' என்றால் அண்ணன்) அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

"மூன்று மேட்ச், சாதனா. ஒரே மாதிரி. கேப்டன்தான் முதலில் சாகிறான். ஒரு குழந்தைகூட அப்படி நடந்து போகாது." கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, "அவன் மேட்சை விற்கிறான் என்று நினைக்கிறேன்" என்றார்.

ரெக்கார்டிங் மூன்றையும் பார்த்து அறிக்கை தர வேண்டும். யாருக்கும் தெரியக்கூடாது. பதினேழாம் தேதி தகுதிச் சுற்று இறுதி. அதற்குள்.

பிரிட்டோவா? கிதிர்பூர் போர்ட் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். என்னை இந்த டீமுக்குள் கொண்டுவந்ததே அவன்தான். இந்த ஃப்ளாட்டில் என்னோடு தமிழில் பேசுகிற ஒரே ஆள் அவன். நிரூபணமானால் ஆயுள் தடை. அதை எழுதும் கை என்னுடையது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

ஆகஸ்ட் 9, சனி

மூன்று மேட்சிலும் சேர்த்து, அவன் முதல் ஆளாகச் செத்த முப்பத்தொரு சாவு. எல்லாவற்றையும் அவன் கண் வழியாகப் பார்த்தேன், பாதி வேகத்தில்.

பதினான்காவது ரவுண்டு. எதிராளி பெட்டிக்குப் பக்கத்தில் முழு உடம்போடு நிற்கிறான். ஒன்றரை நொடி. இந்த விளையாட்டில் அது ஒரு யுகம். பிரிட்டோ அவனைத் தாண்டி நடக்கிறான். துப்பாக்கி நகரவே இல்லை. செத்துப் போகிறான்.

பன்னிரண்டு தடவை பார்த்தேன். தெரிந்தே செய்கிறான் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்?

என்னடா பண்ற நீ?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஏன் சாப்பிடவில்லை என்று அம்மா கேட்டாள். தலைவலி என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுத உட்கார்ந்தேன், வார்த்தை வரவில்லை. சும்மா ஒரு காகிதத்தில் திரையைப் போலச் செவ்வகம் வரைந்தேன். ஒவ்வொரு சாவிலும் கொன்றவன் திரையில் எங்கே நின்றான் என்று புள்ளி வைத்தேன்.

முப்பத்தொரு புள்ளி. இருபத்தேழு இடது பாதியில்.

வலது பக்கம் வந்தவனை எல்லாம் முன்பு போலவே, சில சமயம் முன்பைவிட வேகமாகச் சுட்டிருக்கிறான். மே மாத மேட்ச் ஒன்றை எடுத்து அதற்கும் புள்ளி வைத்தேன். அதில் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கிறது.

விற்கிறவன் இடது பக்கத்தை மட்டுமா விற்பான்?

முதலில் சந்தோஷம். அவன் திருடன் இல்லை. எழுந்து டீ போடப் போனேன். தண்ணீர் கொதிக்கும்போதுதான் உறைத்தது. மேப் திரையின் இடது மூலையில் இருக்கிறது. ஜூலையிலிருந்து அவன் மேப்பைப் பார்த்து எதுவும் சொல்வதில்லை. "எங்க இருக்க? எங்க இருக்க?" என்று மற்றவர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

அவன் பார்க்காமல் விடவில்லை. அவனுக்குத் தெரியவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

நாள் முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி திறந்திருந்த கதவில் இடது தோளை இடித்துக்கொண்டான். "சனியன் பிடிச்ச கதவு" என்றான். கைப்பையிலிருந்து தலைவலி மாத்திரை எடுத்துப் போட்டான். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ரெண்டு மாசமா. தூக்கம் பத்தல" என்றான்.

சாயங்காலம் அவன் ஸ்கூட்டரை எடுத்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. தினமும் கிதிர்பூர் வரை ஓட்டுகிறான். லாரிகளுக்கு நடுவே. இடது பக்கம் இல்லாமல்.

சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. தப்பாக இருந்தால்? நான் டாக்டரா? நான்கு நாளில் இறுதி ஆட்டம், ஒரு காகிதத்தைக் காட்டி உனக்குக் கண் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டான்.

வீட்டுக்குத் திரும்பும் சாந்த்ராகாச்சி பஸ்ஸில் முழு வழியும் போனையே பார்த்துக்கொண்டு வந்தேன். 'சேர்ந்துட்டியா?' என்று கேட்டிருந்தேன். நாற்பது நிமிடம் பதில் இல்லை. நாற்பது நிமிடம். பிறகு: 'என்ன புதுசா அக்கறை?'

நாளைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மற்றவர்கள் சாப்பிடப் போனதும் காகிதத்தைக் காட்டினேன். அவன் முகம் மாறியது. "என்ன சொல்லுத? நான் குருடனா?"

"இல்லடா. ஒரு சின்ன சோதனை. என் மூக்கையே பாரு. கை அசைஞ்சா சொல்லு."

வலது பக்கம் விரலை அசைத்தேன். உடனே, "ம்." மறுபடி. "ம்." அவனுடைய இடது பக்கம் கையைக் கொண்டுபோனேன். அசைத்தேன். அவன் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். நன்றாக விரித்து ஆட்டினேன்.

"கையைத் தூக்கு முதல்ல" என்றான்.

என் கை அவன் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

தலையைத் திருப்பினான். கையைப் பார்த்தான். அந்த முகத்தை என்னால் எழுத முடியாது.

காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினான். "பதினேழு வரைக்கும் யார்ட்டயும் சொல்லாத. ஒரு மேட்ச். அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வாறேன்."

"சொல்லுவேன்."

"சாதனா, கெஞ்சுதேன்."

மேசை மேல் கிடந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கத்தினான். துரோகி என்றான். கத்தட்டும். ஆட்டோவில் ஏற்றி, நானும் கூடவே போய், அவன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. இருந்தாலும் டாலிகஞ்சில் அனிர்பான்-தா வீட்டுக்கே போய்க் காகிதத்தைக் கொடுத்தேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் அவனை..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அவருடைய டாக்டர் மாமாவுக்கு என் முன்னாலேயே போன் போட்டார்.

ஆகஸ்ட் 16, சனி

கண் டாக்டர் அரை மணி நேரம் பார்த்தார். கண்ணில் ஒன்றுமில்லை என்றார்.

பிரிட்டோவின் அம்மா மாதாவுக்கு நன்றி சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "கண்ணில் இல்லை என்றால் கண்ணுக்குப் பின்னால். இன்றைக்கே ஸ்கேன் எடுங்கள்."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூளையின் பின்பக்கம், வலது புறம், ஒரு கட்டி. எலுமிச்சம்பழம் அளவு. இரண்டு கண்ணின் இடது பக்கப் பார்வையும் அங்கேதான் உருவாகிறதாம். வியாழக்கிழமை ஆபரேஷன்.

மேட்ச் நடந்தது. தோற்றார்களாம். நான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அந்த ஆட்டோவுக்குப் பிறகு அவன் என்னோடு பேசவே இல்லை.

பிரிட்டோவின் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே கேட்டார். "நீ எப்படிம்மா கண்டுபிடிச்ச? பெத்தவ நான், தினமும் சோறு போடுதேன். எனக்குத் தெரியலையே."

"ஆன்ட்டி, அவன் தப்பைப் பார்க்கறதுதான் என் வேலை."

சொன்ன பிறகுதான் எவ்வளவு கொடூரமாக இருக்கிறது என்று பட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

ஆறு மணி நேரம் என்றார்கள். எட்டு மணி நேரமாகியும் யாரும் வெளியே வரவில்லை. ஜூலையிலேயே என் கண் முன்னால் எல்லாம் இருந்தது. 'எங்க இருக்க, எங்க இருக்க' என்று கேட்டான். 'தகவல் பரிமாற்றம் பலவீனம்' என்று எழுதிவைத்தேன். ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் அது எவ்வளவு வளர்ந்தது? யாரிடம் கேட்பது?

நாலரைக்குக் கதவு திறந்தது. முடிந்தது என்றார்கள். நன்றாக முடிந்தது என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கண் விழித்தான். அம்மா பெயரைச் சொன்னான்.

செப்டம்பர் 3, புதன்

புற்று இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டும். இடது பக்கப் பார்வை வரவில்லை. இனி வருமா என்று அவனே டாக்டரிடம் கேட்டான். பெரும்பாலும் வராது என்றார்.

டாக்டர் போனதும் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் கிளம்ப எழுந்தேன்.

"அந்த காகிதத்த வச்சிருக்கியா?"

"அனிர்பான்-தா கிட்ட இருக்கு."

"நாலு புள்ளி வலது பக்கம் இருந்துச்சுல்ல. அது என் தப்புதான்."

இருபது நாளுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள். படி இறங்கி வாசலுக்கு வந்தபின் அழுதேன்.

நவம்பர் 16, ஞாயிறு

தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்து நடக்கப் பழக வேண்டும் என்று பயிற்சி. வீட்டுக்குள் ஒரு மாதம், சந்துக்குள் ஒரு மாதம். இன்றைக்கு முதல் தடவையாகப் பெரிய ரோடு. அவன் அம்மா வர மறுத்துவிட்டார். "என்னால பாக்க முடியாதும்மா, நீ போ" என்றார்.

டாலிகஞ்ச் மெட்ரோ பக்கம், நான் எதிர்ப்புறம் நின்றேன். கூப்பிடக்கூடாது, கை காட்டக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தான்.

பாதி ரோடு வரை வண்டிகள் வலமிருந்து வரும். வந்துவிட்டான். நடுவில் நின்றான். இனி எல்லாம் இடமிருந்து. ஒரு காலை எடுத்து வைத்தான். ஒரு பஸ் வருகிறது, அவன் இன்னும் என்னையே பார்க்கிறான். வாயைத் திறந்துவிட்டேன். தொண்டை வரை வந்துவிட்டது அவன் பெயர்.

காலைப் பின்னுக்கு இழுத்தான். தலையைத் திருப்பினான், தோள் வரைக்கும், மெதுவாக. பஸ் போனது. அப்படியே தலையைத் திருப்பி வைத்தபடி, பொறுமையாக நின்று, பிறகு நடந்து வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஒரு பஸ்ஸு, ரெண்டு ஆட்டோ, ஒரு சைக்கிள்காரர்" என்றான் மூச்சு வாங்க. "சரியா?"

சைக்கிளை நான் கவனிக்கவே இல்லை.