பேசாத படத்தில் ஒன்பது பேர்

2006 ஜூன் 5
எங்கள் பட்டாசுக் கம்பெனியில் படம் எடுக்கிறார்களாம். பாதுகாப்புப் படம். வசனமே கிடையாது, எழுத்துத் தெரியாதவர்களும் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்ள வேண்டுமாம். சிவகாசியில் கல்யாண வீடியோ எடுக்கும் சிவபாண்டிதான் டைரக்டர். கதை? பீடி குடித்துக்கொண்டே மருந்து அடைக்கும் கோமாளி ஒருவன், ரூமோடு வெடித்துப் போகிறான். யார் கதை என்று தாயில்பட்டியில் எல்லோருக்கும் தெரியும்.

ஜூன் 6
கோமாளிக்குப் பெண்டாட்டியாக நான் நடிக்க வேண்டுமாம்! விளக்குமாற்றால் அடிக்க வேண்டுமாம். மாட்டேன் என்றேன். "அப்ப நாளையிலருந்து வேன்ல ஏறாத" என்றார் போர்மேன் செல்லச்சாமி.

என் வீட்டுக்காரர் பலவேசம் செத்து ஒரு வருசம் ஆகவில்லை. பீடியைக் கையால் தொடாத மனுசன். பீடியால்தான் தீப்பிடித்தது என்று கம்பெனி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டவள் நான்தானே? வேலையும் போனால், மகள் ரோஜாவை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வேன்? பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் 'பீடிக்காரன் மக' என்கிறார்கள்.

ஜூன் 8
அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். கோமாளியாக நடிப்பவன் என் வீட்டுக்காரருடைய கூட்டாளி கருத்தப்பாண்டி. "மதினி, மன்னிச்சிருங்க" என்று காமிராவுக்கு முதுகைக் காட்டி அழுதான். நாசமாப் போக இந்தப் படம்.

ஜூன் 9
சோறு இறங்கவில்லை.

ஜூன் 10
செல்லச்சாமி லோடு ஏற்றப் போயிருந்தார். இன்னும் சிரிப்பு வேண்டும் என்று சிவபாண்டி தலையைச் சொறிந்தார். எங்கிருந்து தைரியம் வந்ததோ — "எப்பவும் உக்காருற மாதிரி உக்காந்து காட்டவா சார்?" என்றேன்.

தினமும் போலவே மருந்து அடைக்கும் ரூமுக்குள் ஒவ்வொருவராக நுழைந்தோம். ஒருத்தி முழங்கால் மேல் இன்னொருத்தி முழங்கை. 'நான்கு பேர் மட்டும்' என்ற பலகைக்குக் கீழே ஒன்பது பேர். சிவபாண்டி விழுந்து விழுந்து சிரித்தார். விவரம் தெரியாத மனுசன்.

ஜூன் 24
படம் முடிந்தது. முதலாளியும் செல்லச்சாமியும் பார்த்துச் சிரித்தார்களாம். தினமும் பார்க்கிற காட்சிதானே, தப்பாகவே தெரியவில்லை.

ஜூலை 3
சோதனைக்கு வந்த கவர்மெண்ட் ஆபீசருக்கு எங்கள் எல்லோர் முன்னாலும் படத்தைப் போட்டார்கள். அவரும் சிரித்தார். திடீரென்று "நிப்பாட்டுங்க" என்றார். டிவி பக்கத்தில் போய், விரல் வைத்துத் தலைகளை எண்ணினார். "இது நடிப்பா?"

செல்லச்சாமி என்னையே முறைத்தார். எழுந்துவிட்டேன்.

"இல்ல சார். தெனமும் இப்படித்தேன். எங்க வீட்டுக்காரவுக செத்த அன்னைக்கும் ஒம்பது பேரு. அவுக பீடியே குடிக்க மாட்டாக."



ஜூலை 4
வேன் எங்கள் தெருவில் நிற்கவில்லை. ஜன்னல் வழியே கருத்தப்பாண்டி கத்தினான்: "மதினி, இன்னைக்கு ரூமுக்கு நாலு பேருதேன்!" அந்த நாலில் நான் இல்லை. இனி எங்கே வேலை கேட்பேன்?

ரோஜா பையை மாட்டிக்கொண்டு நின்றாள். "அப்பாவப் பத்தி நீ சொன்னத நானும் பள்ளிக்கூடத்துல சொல்லட்டாம்மா?"

"சத்தமாவே சொல்லு தாயி" என்றேன்.