கமரக்கா ஸ்பீக்கரில் என் குரல்

ஆகஸ்ட் 2, செவ்வாய்

ஒருவழியாக ஆன்டெனா மாடியில் நிற்கிறது. திரைச்சீலைக் கம்பிகளை அறுத்துச் செய்த ஏழு குச்சிகள், நடுவில் ஒரு மரச்சட்டம். கம்பத்தை எங்களுக்கும் பக்கத்து வீட்டுக் கமரக்காவுக்கும் பொதுவான சுவரில் இறுக்கியிருக்கிறேன். ரஃபீக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு, "பெரிய மீன் முள்ளு மாதிரி இருக்கு, நெஜி" என்றாள். கட்டிய மனைவி சொன்னால் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹாம் ரேடியோவில் இத்தாலியின் நேப்பிள்ஸைப் பிடிக்க வேண்டும். எங்கள் ஊர் கெலிபியாவிலிருந்து சிசிலியை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், எதிர்க்கரைதானே. நாபுல் ஊரில் இருக்கும் ரேடியோ நண்பன் ஷெத்லி போன வருஷம் கடையில் வாங்கிய ஆன்டெனாவை வைத்துக்கொண்டு நேப்பிள்ஸோடு பேசினான். அன்றிலிருந்து அதை ஒரு நாளும் சொல்லாமல் விட்டதில்லை. காற்றே இல்லாமல் வெக்கை அமுக்கும் நாளில் கடலுக்கு மேலே நம் குரலுக்கு ஒரு பாதை திறக்கும். அது திறக்கும்போது நான் ரேடியோ முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேபிளுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே வைக்க வேண்டிய பேலன் வைக்கவில்லை. கேபிளின் நடுக்கம்பியை ஆன்டெனாவின் ஒரு கையிலும், மேல்வலையை மறு கையிலும் நேராகவே பற்றவைத்துவிட்டேன். அவசரம். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 4, வியாழன்

ஐயோ.

ஆகஸ்ட் 5, வெள்ளி

நேற்று எழுதக் கை வரவில்லை. இன்று கொஞ்சம் சிரிப்பு வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

கமரக்கா கோடைக்கு மாடியை விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். நேற்று பிற்பகல் அங்கே யாரோ ஒரு பெண்ணுக்கு மருதாணி. பெண்கள் மட்டும் கூடும் விசேஷம், ஆண் வாடையே கூடாது. பாட்டை நிறுத்தி, மணப்பெண் கையை நீட்டி, முதல் பொட்டு வைக்கப் போகும் நேரம். நான் கீழே அறையில் உட்கார்ந்து இத்தாலியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேலே அவர்கள் ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் வந்திருக்கிறது. ஆண் குரல் என்றுகூடச் சொல்ல முடியாது. என் ரேடியோ அனுப்பும் பேச்சு, பாட்டு ஸ்பீக்கரில் போய் விழுந்தால் வாத்து கத்துவது போலத்தான் கேட்கும்.

ஜின், பேய் என்று ஒரே கூச்சல். மணப்பெண் நாற்காலி மேல் ஏறிவிட்டாள். ஒருத்தி சாம்பிராணிச் சட்டியைக் கொண்டுவந்து ஸ்பீக்கருக்கே புகை காட்டினாளாம். யாரும் பதில் சொல்லவில்லையே என்று நான் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் ரஃபீக்காவும் இருந்தாள்.

"வாத்து ரெண்டு தடவை கத்திச்சு. அப்புறம் தொண்டையைச் செருமிச்சு. இத்தனை வருஷமா காலையில அந்தச் செருமல்லதானே எந்திரிக்கறேன்? ஜின்னாவது, கின்னாவது!"

"நீ சும்மா இருந்திருக்கலாமே?"

"எப்படி இருக்கறது? பொண்ணு அழ ஆரம்பிச்சுட்டா. 'பயப்படாதீங்க, அது எங்க வீட்டுக்காரர்'னு எந்திரிச்சுச் சொன்னேன். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க பாரு. ஜின்னைக் கட்டிக்கிட்டவள்னு நினைச்சிருப்பாங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு சாப்பாட்டில், தண்டனையாக, எனக்கு வெறும் மீன் தலை மட்டும்.

ஆகஸ்ட் 6, சனி

மீன் கடை ஹமாதி என்னைப் பார்த்ததும் "க்வா!" என்றான். சந்தை முழுக்கத் திரும்பியது. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்த அம்மாள் நாற்காலியில் உட்காரும் முன் கேட்டாள்: "எழுத்தப் படிச்சா போதுமா, இல்ல கத்தணுமா?"

ஆகஸ்ட் 8, திங்கள்

கமரக்கா வந்தாள். தேநீர் வேண்டாம் என்றாள். கமரக்கா தேநீர் வேண்டாம் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

"தம்பி, அந்தச் சுவத்துல பாதி என்னோடது. இருபதாம் தேதி என் சொந்தப் பொண்ணுக்கு மருதாணி. அன்னைக்கு உன் வாத்து வாயைத் திறந்துச்சுன்னா, என் பாதிச் சுவத்துல இருந்து உன் கம்பம் இறங்கிடும். மீதிப் பாதியில நிக்குமான்னு நீயே பாத்துக்க."

"சரி பண்ணிடறேன்கா."

"ரேடியோவையா, உன்னையா?"

கம்பம் இறங்கினால் வைக்க வேறு இடமில்லை. மாடியின் மற்ற மூன்று பக்கமும் உயரமான வீடுகள். கடல் தெரியும் மூலை அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

தப்பு என்னுடையதுதான், இதில் என்ன சந்தேகம். ஆன்டெனாவின் இரண்டு கையும் சமம். கேபிள் அப்படியில்லை: ஒரு கம்பி உள்ளே, அதைச் சுற்றி ஒரு வலை. இரண்டையும் நேராகச் சேர்த்தால், வேண்டாத மின்சாரம் வலையின் வெளிப்பக்கமாகவே திரும்பி வழிந்து கேபிள் முழுக்க இறங்குகிறது. அப்போது கேபிளும் ஓர் ஆன்டெனா. என் கேபிள் இறங்கும் சுவரிலேயே கமரக்காவின் ஸ்பீக்கர் கம்பியும் இறங்குகிறது! இந்த வழிசலைத் தடுக்கத்தான் நடுவில் பேலன். பெரிய சாமான் ஒன்றுமில்லை, அளந்து வெட்டிய ஒரு துண்டுக் கேபிளை வளையமாக மடக்கி இரண்டு கைக்கும் நடுவே பற்றவைக்க வேண்டும். அளவு மட்டும் பிசகக் கூடாது.

அளந்தேன், வெட்டினேன், பற்றவைத்தேன். டிஷ் போட்டபோது மிஞ்சிய வெள்ளைக் கேபிள் பரணில் கிடந்தது, வசதியாகப் போயிற்று.

ஆகஸ்ட் 10, புதன்

ரஃபீக்காவைத் தூது அனுப்பினேன். காபி குடிக்கும் சாக்கில் போய், கமரக்காவைப் பாட்டுப் பெட்டியைப் போடச் சொல்லி, ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார வேண்டும். நான் கீழிருந்து பேசினேன், மிகவும் மரியாதையாக.

ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். "வருது."

"முன்ன மாதிரியா?"

"அன்னைக்குப் பெரிய வாத்து. இன்னைக்குக் குஞ்சு. கமரக்கா சொல்லச் சொன்னாங்க, குஞ்சுன்னாலும் வாத்துதானாம்."

ஷெத்லிக்குப் போன் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம்.

"எந்தக் கேபிள்ல வளையம் பண்ணின?"

"டிஷ் கேபிள். வெள்ளை."

"அளவு?"

சொன்னேன். அந்தப் பக்கம் வாயைப் பொத்திச் சிரிக்கிறான்!

"அது கறுப்புக் கேபிளோட கணக்குடா! அதுக்குள்ள கெட்டி பிளாஸ்டிக். டிஷ் கேபிளுக்குள்ள நுரை. நுரையில அலை வேகமா ஓடும், அப்போ துண்டு நீளமா வேணும். ஊருக்கே கண்ணாடி மாட்டறவன், உனக்கு ஒண்ணு மாட்டிக்கோ."

எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். எத்தனையோ தடவை படித்ததுதான். கையில் கத்தி இருந்தால் தலையில் எதுவும் நிற்பதில்லை. வெட்டின கேபிளை இழுத்து நீளமாக்கவும் முடியாது.

ஆகஸ்ட் 11, வியாழன்

புது வளையம், பழையதைவிட ஒரு சாண் போல நீளம். ஆன்டெனாவுக்குக் கீழேயே கேபிளைச் சில சுற்று சுருட்டியும் கட்டிவிட்டேன், தப்பித் தவறி ஏதாவது வழிந்தாலும் அங்கேயே நிற்கட்டும் என்று. ரஃபீக்காவை மறுபடி காபிக்கு அனுப்பப் போனால், கமரக்காவின் ஸ்பீக்கர் வீட்டில் இல்லை. பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறாளாம். இருபதாம் தேதி காலையில்தான் வரும்.

ஆக, சரியாகிவிட்டதா இல்லையா என்று தெரிய வழியே இல்லை.

ஆகஸ்ட் 15, திங்கள்

ரஃபீக்கா நேராகவே கேட்டுவிட்டாள். "இருபதாம் தேதி ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன?"

நியாயம்தான். சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஆகஸ்ட் 19, வெள்ளி

இலை அசையவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கிறது. சிசிலிக்காரர்கள் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல் கேட்கிறார்கள். நாளைக்குப் பாதை திறக்கும். நாளைக்கேவா திறக்க வேண்டும்?

ஆகஸ்ட் 20, சனி

நான் வெறும் கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்பதற்குச் சத்தியம் இல்லையே.

பிற்பகல் தொழுகை முடிந்ததும் மேலே தாரபுக்கா மேளத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள். அதே நேரம் காதில் ஒரு குரல். மெல்லிசு, ஆனால் சுத்தம். ஜென்னாரோ, நேப்பிள்ஸ். யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிடுகிறான். என் கை மைக்கில். பதில் சொல்ல ஒரு பொத்தான்தான். கையை எடுத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, வயசுக்கு இது தேவையா?

ரஃபீக்காவுக்குப் போன் செய்து கமரக்கா வீட்டு வாசலுக்கு வரச் சொன்னேன். பட்டும் நகையுமாக இறங்கி வந்தாள்.

"நேப்பிள்ஸ் கேக்குது."

"சத்தியம் பண்ணினியே."

"பண்ணினேன். அதான் உங்கிட்ட வந்து நிக்கறேன்."

என் முகத்தைப் பார்த்தாள். "வளையத்தை இந்தத் தடவை ஒழுங்கா வெட்டினியா?"

"வெட்டினேன்."

"ஷெத்லி சொன்ன அளவா, உன் அளவா?"

"ஷெத்லி அளவு."

"அப்போ போ. நான் ஸ்பீக்கர் ப்ளக்குப் பக்கத்துல நிக்கறேன். வாத்து வந்தா புடுங்கிடறேன். கரண்ட் போச்சுன்னு சொல்லிக்கறேன்."

கமரக்காவின் சொந்த மகள் மருதாணியில், நூறு பெண்கள் நடுவே, எனக்காக ப்ளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறாள். ரேடியோவுக்கு ஓடினேன்.

கூப்பிட்டேன். ஜென்னாரோ என் பெயரையும் ஊரையும் திருப்பிச் சொன்னான். என் குரல் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்று அவன் சொல்ல ஆரம்பித்தபோது, மேலே ஒரே கூச்சல்! அத்தனை பேரும்! ரேடியோவை அணைத்தேன். முடிந்தது கதை. கமரக்கா ஸ்பானரோடு வருவாள் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

போன் அடித்தது. ரஃபீக்கா.

"இன்னும் பேச ஆரம்பிக்கலையா நீ? எவ்வளவு நேரம் இப்படி மூலையில நிக்கறது?"

"பேசினேனே! அப்புறம் எல்லாரும் கத்தினாங்களே?"

"பொண்ணு வந்து உக்காந்தா. குலவை போடாம என்ன பண்ணுவாங்க?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இரு. நிஜமாவே பேசினியா?"

"பேசினேன்."

"இங்க ஒண்ணும் வரலையே நெஜி!"

ரேடியோவைப் போட்டேன். அந்த நல்ல மனுஷன் ஜென்னாரோ இன்னும் என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மீதியைப் பேசி முடித்தோம். வீட்டில் என்ன சத்தம், திருவிழாவா என்று கேட்டான். கல்யாணம் என்றேன். மணமக்களுக்கு வாழ்த்துச் சொன்னான். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

எழுந்து நின்று அறைக்குள் ஒரு சுற்று ஆடினேன். தாளம் மேலிருந்து வந்தது.

ஆகஸ்ட் 22, திங்கள்

ரஃபீக்காவால் இரண்டு நாள்தான் மறைக்க முடிந்தது. கமரக்கா வந்தாள். இடுப்பில் கை.

"என் பொண்ணு மருதாணியில பேசினியாமே?"

"பேசினேன்கா. மன்னிச்சிடுங்க."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி இருக்கும்."

யோசித்தாள். "என் காதுல ஒரு சொட்டுக்கூட விழலையே." இன்னும் யோசித்தாள். "ஸ்பீக்கரைச் சரி பண்ணினவன் நல்லாப் பண்ணியிருக்கான்."

நான் வாயைத் திறந்தேன். ரஃபீக்கா என் காலை மிதித்தாள். கமரக்கா தேநீர் கேட்டாள்.

செப்டம்பர் 17, சனி

காலையிலிருந்து காற்று. கடலில் நுரை. சிசிலிகூடக் கேட்கவில்லை. பக்கத்து மாடியில் இந்தக் கோடையின் கடைசி மருதாணி. மரியாதையாக ரேடியோவை அணைத்து வைத்துப் படுத்திருந்தேன். கதவை இடிக்கும் சத்தம். கமரக்கா.

"ஏன் பேசாம இருக்க?"

"விசேஷம் நடக்குதேன்னுதான்கா..."

"எந்திரி! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மென்ஸல் தெமிம் ஊர்ல இருந்து வந்திருக்காங்க. ஜின் பேசற மாடியாமேன்னு நம்ம பொண்ணு வீட்டைக் கிண்டல் பண்றாங்க. அவன் கீழ உக்காந்து பேசுவான், இங்க ஒரு மூச்சு வராதுன்னு பந்தயம் கட்டியிருக்கேன். வந்துச்சுன்னா மாடிக்கு வாடகையே வேணாம்னுட்டேன். போய்ப் பேசு!"

"இன்னைக்குக் காத்து, யாரும் இருக்க மாட்டாங்களே."

"உன்னைப் பேசத்தானே சொன்னேன், பதில் கேட்டேனா?"

உட்கார்ந்து கூப்பிட்டேன். இத்தாலியைக் கூப்பிட்டேன், மால்டாவைக் கூப்பிட்டேன், யாரும் இல்லை. மேலே பாட்டு நின்றது. அத்தனை பேரும் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். தொண்டையை நன்றாகச் செருமிவிட்டு இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து சிரிப்பு, அதில் கமரக்காவின் சிரிப்பு தனியாகத் தெரிந்தது.

பிறகு அவள் தலை சுவருக்கு மேலே நீண்டது. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

"நிஜமாவே பேசினியா, இல்ல சும்மா உக்காந்திருந்தியா?"

"பேசினேன்கா."

"அல்லாஹ் மேல?"

"அல்லாஹ் மேல."

"அப்போ இன்னும் கொஞ்சம் பேசு," என்றாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தோத்துட்டுக் கிளம்பறாங்க, இப்பத்தான் செருப்பு போடறாங்க."