தொண்ணூற்றொன்பது வினாடி

அன்புள்ள உம்மாவுக்கு, ஸலாம். முழங்கால் நோவு குறைந்ததா? நான் சுகம்.

கார்ப் பந்தய அருங்காட்சியகத்தில் என் வேலை நிரந்தரமாகுமா என்று நேற்றுத்தான் சோதித்தார்கள். மின்கருவி வருமுன் பந்தயத்தை அளந்த பழைய கடிகாரத்தால் ஒரு சுற்றை அளந்து காட்ட வேண்டும். கார் புறப்பட்டதும் பொத்தானை அழுத்தினேன். முள் அசையவில்லை. சாவி கொடுக்க மறந்திருந்தேன்.

தொழுகைக்குப் பின் ஓத நீங்கள் பழக்கிய திக்ரை வினாடிக்கு ஒன்றாக விரல்களில் எண்ணினேன். மூன்று முப்பத்துமூன்று முடியக் கார் வந்தது.

“தொண்ணூற்றொன்பது வினாடி” என்றேன். கணினி நூறு என்றது.

மேற்பார்வையாளர், தில்லையடி ஃபர்வீஸ் நானா, அசையாத முள்ளையும் என் விரல்களையும் பார்த்துச் சிரித்தார்.

“ஹோயர், ஒமேகா கடிகாரமெல்லாம் இங்க இரிக்கி. ஒண்ட விரல் எந்தக் கம்பனிடா?”

“உம்மாட கம்பனி, நானா.”

என் நிரந்தர நியமனத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். விலாசத்தை நீங்களே எழுதுங்கள். தம்பியிடம் கொடுக்க வேண்டாம்; உங்கள் எழுத்தைப் பார்க்க ஆசை. பஸ் வந்துவிட்டது. துஆச் செய்யுங்கள்.

மகன்,
ஃபஸ்லான்