சர்க்கரைக்கு என்று எடுத்த ரத்தம்

அன்புள்ள வாலு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, எட்டு மாடு எல்லோரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், போன செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்தில் எனக்கு ஊசி போட்டபோது நான் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த இரண்டு குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டன, அதில் ஒன்றுக்கு ஊசியே கிடையாது, அண்ணனுக்குத் துணையாக வந்ததாம். அம்மா யாரோ எவளோ போல முன்னால் நடந்துவிட்டாள்.

அந்த ஊசி யாரால் வந்தது என்று உனக்குத் தெரியும். லீவில் வந்தபோது, அப்பா, சர்க்கரை இருக்கான்னு பாக்கறேன், கையை நீட்டுங்க என்றாய், நம்பி நீட்டினேன், அம்மாவும் நீட்டினாள். சர்க்கரையெல்லாம் இல்லப்பா என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாய். பார்த்தால், சுகாதார நிலைய நர்ஸம்மா நீ அனுப்பிய ஒரு தாளோடு மாட்டுக்கொட்டகைக்கே வந்து நிற்கிறார். நகரத்து ஆட்கள் ரத்தத்தையும் மாடும் மண்ணுமாகக் கிடக்கிறவர்கள் ரத்தத்தையும் வைத்து, கிருமி கக்குகிற விஷத்தை யார் உடம்பு தாங்கும் என்று உங்கள் லேபில் பார்க்கிறீர்களாம், டெட்டனஸ் விஷத்தைத் தடுக்க என் ரத்தத்தில் துளி பலமும் இல்லையாம். தாளில் உழவர், ஆண், ஐம்பத்து நாலு என்று போட்டிருந்தது. ஆணி குத்தினால் மண்ணை அப்பிக்கொண்டு, இதுதான் எனக்கு மருந்து, ஊசியெல்லாம் நாற்காலியில் உட்காருகிறவனுக்கு என்று பால் வண்டிக்காரரிடம் வாய் கிழியப் பேசினவன் நான். எத்தனை தடவை குத்து வாங்கினாலும் உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளாதாம், ஊசிதான் கற்றுக்கொடுக்குமாம், நாற்காலிக்காரர்கள் போட்டுக்கொண்டு பத்திரமாக இருக்கிறார்களாம். அம்மாவுக்குக்கூட பலம் இருக்கிறதாம், உங்கள் மூன்று பேரையும் சுமந்தபோது போட்டதாம். அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டுமே.

மண் என்னை ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், நீ செய்ததுதான் ஆறவில்லை கண்ணு. முடிவு வந்து ஆறு வாரமாம். ஆறு வாரமும் சாப்பிட்டீங்களாப்பா, மழை வந்துச்சா என்று போனில் கேட்டாய், நானும் சாணிக்குழியில் வெறுங்காலோடு நின்றபடி பதில் சொன்னேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றால், நீங்க கேலி பண்ணி விரட்டிடுவீங்கன்னு உங்க பொண்ணு பயந்துட்டாங்க என்கிறார் நர்ஸம்மா. விரட்டியிருப்பேன்தான். மறுநாளே போய் ஊசியும் போட்டிருப்பேன். இத்தனை வருஷம் என் வாயைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இது தெரியாதா. உங்க ரத்தம் வேணும்ப்பா என்று முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் ஒரு வாளி பிடித்துக்கொள் என்றிருப்பேனே, பொய் சொல்லி ஒரு குப்பியா எடுப்பாய். வேறு யாராவது செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள், கோபத்திலும் இதைத்தான் சொல்ல வருகிறது. அடுத்த மாதம் நாலாம் தேதி இரண்டாவது ஊசி, நீ வந்து பக்கத்தில் நிற்க வேண்டும், மறக்காதே.

இப்படிக்கு,
இன்னும் மனம் ஆறாத உன் அப்பா

சொல்ல விட்டுப்போனது: நேற்று உன் லேபுக்குப் போன் போட்டு உன்னைப் பத்து நிமிஷம் திட்டினேன். எடுத்தது உங்கள் பெரிய டாக்டராம். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, சரிங்கய்யா என்று வைத்தார்.