செவ்வாய்க்கிழமை பருவத்துக்கு வரும் பசுவுக்கு அன்றே ஊசி போட வேண்டி

அனுப்புநர்:
து. பிந்து (வயது 16),
த/பெ துரைராஜ், பால் வியாபாரம்,
அல்வால், செகந்திராபாத்.

பெறுநர்:
வட்டாரக் கால்நடை அலுவலர் அவர்கள்,
செகந்திராபாத்.

பொருள்: எங்கள் பசுவுக்கு இன்று மாலைக்குள் சினை ஊசி போடவும், ஊசி போடும் கிழமைகளை மாற்றவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. இன்று விடியற்காலை சாணம் அள்ளும்போது எங்கள் பசு பவளத்தின் வாலோரம் கண்ணாடி இழை போல வழும்பு தொங்குவதைப் பார்த்தேன். பசு பருவத்துக்கு வந்ததற்கு அதுவே அடையாளம். காலையில் கண்டால் அன்று மாலையே சினை ஊசி போட வேண்டும். மறுநாள் தாண்டினால் பயனில்லை.

2. தாங்கள் தமிழ் அறிந்தவர் என்று, தங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அலமு அக்கா சொன்னார். எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஏழாம் வகுப்போடு நின்று மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

3. இரண்டு வருடம் முன்புவரை எங்கள் வீட்டுக்குப் பின்னால் திடல் இருந்தது. நான்கு வீட்டு மாடுகள் பதினொன்றும் அங்கே அவிழ்ந்து திரியும். ஒரு பசு பருவத்துக்கு வந்தால் மற்றவை அதன்மேல் தாவும். அது நகராமல் நிற்கும். யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஊசி போடும் வேணுகோபால் ஐயா சாயங்காலம் அந்த வழியே போகும்போது தாமே பார்த்துவிட்டு, "இன்னிக்கு யார் வீட்டு மகாராணிம்மா?" என்று ஸ்கூட்டரை நிறுத்துவார். ஊசி மருந்தை உறைகுளிரில் வைத்திருக்கும் குடுவையை அவர் திறந்ததும் வெண்புகை வழிந்து எங்கள் கால்களில் சில்லென்று படும். அதற்காகவே பிள்ளைகள் நெருங்கி நிற்போம். பவளம் பிறந்ததும் அந்தத் திடலில்தான். இப்போது அங்கே மாதாப்பூர் கணினி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஐந்து மாடிக் குடியிருப்பு. மற்றவர்கள் மாடுகளை விற்றுவிட்டார்கள். பவளம் சுவரோரம் தனியாகக் கட்டிக் கிடக்கிறது. அதன் பருவத்தைக் காட்டிக்கொடுக்க வேறு மாடு இல்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

4. வேணுகோபால் ஐயா ஜூனில் ஓய்வு பெற்றார். 26.7.2005 அன்று பவளம் பருவத்துக்கு வந்ததைச் சொல்ல நான் கால்நடைத் துணை மையத்துக்குப் போனேன். ஆண்கள் பலர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் இதைச் சொல்ல நா எழவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். அது என் தவறு. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

5. அடுத்த பருவத்தில், 16.8.2005 அன்று, துணை மையத்தில் சொல்லிவிட்டேன். புதிய உதவியாளர், "நக்கோம்மா, இன்னிக்கு முடியாது, ஊசி திங்கள், வியாழன்தான். உன் மாட்டுக்கு ஒரு காலண்டர் வாங்கிக் குடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வியாழனன்று ஓட்டிப்போனேன். ஊசி போட்டார், சினை நிற்கவில்லை.

6. பவளத்துக்கு இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை பருவம் வருகிறது. அது சரியாக மூன்று வாரம். ஆகவே முன்பு வந்த இரண்டு முறையும் செவ்வாய், இன்றும் செவ்வாய், இனி வருவதும் செவ்வாய்தான். திங்களும் வியாழனும் மட்டும் என்றால் இதற்கு எந்த மாதமும் ஊசி வாய்க்காது.

7. இம்முறையும் சினை பிடிக்காவிட்டால் தரகரிடம் கொடுத்துவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். வறட்டு மாடு என்று தரகர் ஓட்டிப்போவது எங்கே போய்ச் சேரும் என்பது தாங்கள் அறிந்ததே.

ஆகையால் இன்று மாலை ஐந்து மணிக்குள் பவளத்துக்கு ஊசி போடுமாறு துணை மையத்துக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லவும், இனிமேல் பருவம் கண்ட நாளிலேயே எல்லா மாடுகளுக்கும் ஊசி கிடைக்க ஆணையிடவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: அல்வால்
நாள்: 6.9.2005, செவ்வாய், காலை 8 மணி

இப்படிக்கு,
து. பிந்து

குறிப்பு: இதை அலமு அக்காவிடம் கொடுத்துவிட்டு, பவளத்தை ஓட்டிக்கொண்டு துணை மையத்துக்குப் போகிறேன்.