அந்தப் பாறை மீன் நான் பிடித்தது

நீ போய் ஒரு வாரம் ஆகிறது. துடியலூர் பஸ் ஸ்டாப்பில் உனக்குக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். காய் வாங்கப் போனவன் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். உன் பெயருக்கு மேலே, ஒரு பெரிய பாறை மீனைத் தூக்கிப் பிடித்தபடி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். பக்கத்தில் நின்ற என்னை வெட்டி எடுத்துவிட்டார்கள். அது போகட்டும். அந்த மீன் நான் பிடித்தது மாப்ளே.

அந்தமான் போன கதையை உனக்கே சொல்ல வேண்டியிருக்கிறது பார். ஒரே இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை பார்த்து, ஒன்றாக ரிட்டயர் ஆகி, வீட்டுக்காரிகளை இங்கேயே விட்டுவிட்டு நாம் போன முதலும் கடைசியுமான டூர். வாய்க்காலில் கெளுத்தி பிடித்த தைரியத்தில் கடலுக்குத் தூண்டிலோடு கிளம்பினோம். கரை மறைவதற்குள் நீ வாந்தி எடுத்துப் படகில் சுருண்டுவிட்டாய். "என்னைய எங்கியாச்சும் எறக்கி உட்டுருங்க" என்று படகுக்காரரிடம் கெஞ்சினாய். அப்போதுதான் என் தூண்டில் நரம்பு இழுத்தது. உள்ளங்கை கிழிந்தது, விடவில்லை. நான் தனியாக நின்று ஜெயித்தது என்று என் வாழ்க்கையில் இருப்பது அது ஒன்றுதான்.

தீவில் இறங்கியதும் உனக்கு உயிர் வந்துவிட்டது. கடல் உள்வாங்கிய மணலில், சங்கைச் சுமந்துகொண்டு ஓடும் நண்டுகளின் பின்னால் போனோம். வேர்களை வெளியே நீட்டி நிற்கும் சதுப்புக் காட்டுக்குள் நுழைந்து, சேற்றில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தாய். படகுக்காரர் கொட்டாங்குச்சியைக் கொளுத்தி மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் குடு மாப்ளே, ஊட்டுல காட்டோணும்" என்று மீனை வாங்கி, என்னையும் பக்கத்தில் நிறுத்தி, படகுக்காரரைப் படம் எடுக்கச் சொன்னாய். அப்புறம் நெருப்பில் வாட்டி, இலையில் போட்டுச் சூடாறும் முன்பே தின்றோம். "கெட்டிக்காரன்டா நீ" என்று முள்ளை உறிஞ்சிக்கொண்டே சொன்னாய்.

ஊருக்கு வந்த பிறகு நீ செய்தது துரோகம். உன் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் நடுவே போனை நீட்டி, "நான் புடிச்ச மீனுங்க" என்றாய். "அப்படிங்களா?" என்று உன் சம்பந்தி என்னைப் பார்த்தார். நம் ஊர்ப் பக்கம் சபையில் ஒருத்தரை மறுத்துப் பேசுவதுண்டா? அதுவும் பெண்ணைப் பெற்றவனை, கல்யாணத்தன்றைக்கு? "ஆமாங்க" என்றேன். கை கழுவும் இடத்தில் உன்னை மடக்கினேன். "கோவிச்சுக்காத மாப்ளே, ஒரு நாளைக்கு நானே எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடறேன்" என்றாய். அதற்குப் பிறகு காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று விசேஷத்துக்கு விசேஷம் மீன் வளர்ந்துகொண்டே போனது. நீ சொல்லவே இல்லை. நானும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

பிளெக்ஸைப் பார்த்த கையோடு உன் வீட்டுக்குப் போனேன். இனி யாருக்கு மரியாதை, இன்றைக்குச் சொல்லியே விடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

உன் மகள் கதவைத் திறந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "வாங்க மாமா. பிளெக்ஸ் பாத்தீங்களா? அப்பா நல்லா சிரிச்ச போட்டோ அது ஒண்ணுதானுங்க இருந்துச்சு" என்றாள். பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "நீங்கதான் பாவம், படகுல வாந்தி எடுத்துப் படுத்துட்டீங்களாமா. அப்பா ஒத்த ஆளா இழுத்தாராமா. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க. அப்படித்தானுங்களா மாமா?"

மீனை எடுத்தது போதாதென்று உன் வாந்தியையும் என் தலையில் கட்டிவிட்டாயே! உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். இல்லாவிட்டால் அங்கேயே உன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

"ஆமா கண்ணு" என்றேன்.

கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்க விடப்போவதும் இல்லை. உன்னோடு பேச இப்போது எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் படகுக்காரருக்குத் தினம் ஒரு ஆள், தினம் ஒரு மீன். நம்மை எங்கே நினைவிருக்கப் போகிறது? மீனை எடுத்துக்கொண்டாய், சரி. அது என்னுடையது என்று தெரிந்த ஒரே ஆள் நீதானே, அந்த ஆளையுமா கூட்டிக்கொண்டு போவாய்?